என்.எஃப்.எல். டிராஃப்டுக்கு முன் ஒரு டேக்கிளை எடைபோடுவது எப்படி?

2021 பிப்ரவரி 7 அன்று டாம்பாவில் நடந்த சூப்பர் போலில், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இன் இறுதிப் போட்டியில், கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் பேட்ரிக் மஹோம்ஸ் ஆட்டம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். அவரைக் காக்க வேண்டிய வழக்கமான டேக்கிள்கள் இருவருமே, எரிக் ஃபிஷரும் மிட்செல் ஷ்வார்ட்ஸும், காயத்தால் அன்று களத்தில் இல்லை. உலகின் சிறந்த குவாட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) வைத்திருந்த அணி ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. டாம்பா பே பக்கனீர்ஸிடம் 31-9 என்று தோற்றது.

இரண்டே மாதத்தில் சீஃப்ஸ் ஆர்லாண்டோ பிரௌன் ஜூனியர் என்ற டேக்கிளை பால்டிமோர் ரேவன்ஸிடமிருந்து பரிமாற்றத்தில் பெற்றது. இந்த பிரௌன் 2018-இல் டிராஃப்டுக்கு (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) வந்தபோது, இண்டியானாபோலிஸில் நடக்கும் கம்பைன் என்ற உடல்திறன் சோதனையில் 40 யார்டு ஓட 5.85 விநாடி எடுத்துக்கொண்டார். 102 கிலோ எடையை 14 முறைதான் தூக்கினார். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் நாட்டின் தலைசிறந்த தடுப்பாளர்களில் ஒருவராகப் பெயர் வாங்கியிருந்தவர், மூன்றாவது சுற்றில் 83-ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். பிறகு நான்கு முறை, பருவத்தின் சிறந்த வீரர்களுக்கான புரோ போலுக்குத் தேர்வானார். 2023 பிப்ரவரி சூப்பர் போலில், அந்தப் பருவத்தில் 70 சாக் (எறியும் முன்பே குவாட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்திருந்த பிலடெல்பியா ஈகிள்ஸால் மஹோம்ஸைப் பந்துடன் ஒருமுறைகூட வீழ்த்த முடியவில்லை. இடது ஓரத்தில் நின்றவர் பிரௌன்.

ஆக, ஒரு டேக்கிளைப் பார்த்து “இவர் தேறுவார்” என்று சொல்ல எதைப் பார்க்க வேண்டும்? டிராஃப்டை இந்த ஆண்டுதான் முதல்முறையாகக் கவனிக்கப்போகிறீர்கள் என்றால், மற்ற இடங்களை விட்டுவிட்டு இந்த ஒரு இடத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். டேக்கிளைப் பார்க்கக் கற்றுக்கொண்டவருக்கு ஆட்டமே வேறுமாதிரி தெரியும்.

முதலில் அந்த வேலை என்ன என்பது

குவாட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, இரு ஓரங்களிலும் டேக்கிள். கார்டுக்கு இரண்டு பக்கமும் துணை உண்டு. டேக்கிளுக்கு வெளிப்பக்கம் வெட்டவெளி. அந்த வெட்டவெளியிலிருந்துதான், குவாட்டர்பேக்கை வீழ்த்த வரும் எதிரணியின் எட்ஜ் ரஷர் பாய்வார். ஏறத்தாழ 120 கிலோ எடையுள்ள அந்த ஆள் முன்னோக்கி ஓடுவார். டேக்கிளோ பின்னோக்கி நகர்ந்துகொண்டே அவரைத் தடுக்க வேண்டும். பந்து குவாட்டர்பேக்கின் கையிலிருந்து கிளம்பும்வரை, சுமார் மூன்று விநாடி, அவரை அண்டவிடக் கூடாது. வேலை அவ்வளவுதான். உலகில் மிகச் சிலரால்தான் அதைச் செய்ய முடிகிறது.

வலதுகைக் குவாட்டர்பேக் எறியத் திரும்பி நிற்கும்போது அவருடைய முதுகு இடப்பக்கம் இருக்கும். அதனால் இடது டேக்கிளுக்கு நீண்டகாலம் மதிப்பு அதிகம். இன்று அந்தக் கணக்கு முழுமையாகப் பொருந்தாது. 2016 பிப்ரவரியில் நடந்த 50-ஆவது சூப்பர் போலில் டென்வரின் வான் மில்லர் கரோலினாவின் வலது டேக்கிள் பக்கமிருந்தே பாய்ந்து, பந்தைத் தட்டிப் பறித்து, ஆட்டநாயகனும் ஆனார். வலம், இடம் என்று தரம் பிரிக்காமல் இரண்டையும் ஒரே கண்டிப்புடன் பாருங்கள்.

எந்த ஆட்டங்களை எடுப்பது

சிறப்புக் காட்சிகளின் தொகுப்பிலிருந்து தொடங்காதீர்கள். நான் முதல் ஆண்டு அந்தத் தவற்றைச் செய்தேன். எதிராளியை மல்லாக்கத் தள்ளி மேலே விழும் காட்சிகளை மட்டும் பார்த்துவிட்டு ஒருவருக்கு முதல் சுற்று மதிப்பெண் போட்டேன். அவர் தோற்ற ஆட்டத்தைப் பிறகு பார்த்தபோது, அந்தக் காட்சிகள் எல்லாமே ஓட்ட ஆட்டத்தில் (பந்தை எறியாமல் தூக்கிக்கொண்டு ஓடும்போது), தன்னைவிடச் சிறியவர்களுக்கு எதிராக நடந்தவை என்று புரிந்தது.

ஒரு வீரருக்கு நான்கு ஆட்டங்கள் போதும். அவர் எதிர்கொண்ட மிகச் சிறந்த ரஷர்கள் இருவருக்கு எதிரான ஆட்டங்கள் இரண்டு. எல்லோரும் அவர் சொதப்பினார் என்று சொல்லும் ஆட்டம் ஒன்று. முந்தைய பருவத்தின் ஆட்டம் ஒன்று, ஓராண்டில் வளர்ந்திருக்கிறாரா என்று பார்க்க. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ரஷான் ஸ்லேட்டர் 2020 பருவத்தில் விளையாடவே இல்லை. கோவிட் காரணமாக விலகிக்கொண்டார். ஆனால் 2019 அக்டோபரில் ஒஹாயோ ஸ்டேட்டின் சேஸ் யங்கை எதிர்த்து அவர் ஆடிய ஆட்டம் அணிகளுக்காக வீரர்களை எடைபோடும் ஸ்கவுட்டுகள் எல்லோருடைய கையிலும் இருந்தது. யங் 2020 டிராஃப்டில் இரண்டாவதாகப் போனவர். அந்த ஆட்டத்துக்கு ஸ்லேட்டர் விஷயத்தில் இருந்த எடை அதிகம். 2021-இல் லாஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸ் அவரை 13-ஆவதாக எடுத்தது. முதல் பருவத்திலேயே, ஆண்டின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-புரோவின் இரண்டாம் அணியில் இடம்பிடித்தார்.

ஆட்டத்தை எடுத்துக்கொண்ட பிறகு இன்னும் ஒரு சல்லடை தேவை. கல்லூரி ஆட்டத்தில் பந்து ஒரு விநாடியில் பக்கவாட்டில் போய்விடும் குறும்பாஸ்கள் நிறைய. பந்தை ஓடுபவரிடம் கொடுப்பதுபோல் ஏமாற்றிவிட்டு எறிவதும் நிறைய. இவற்றில் டேக்கிளுக்குச் சோதனையே இல்லை. மூன்றாவது முயற்சியில் (பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சிகள்தான்) ஏழு, எட்டு யார்டு தேவைப்படும் காட்சிகளை மட்டும் தனியாகப் பொறுக்கி எடுங்கள். எறியப்போகிறார்கள் என்று அரங்கத்துக்கே தெரியும். ரஷர் எந்த ஐயமும் இல்லாமல் பாய்வார். டேக்கிளின் உண்மையான தேர்வு அங்கேதான் நடக்கிறது.

இந்தச் சல்லடை ஏன் முக்கியம் என்பதற்கு 2014-ஐப் பார்க்கலாம். ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் கிரெக் ராபின்சன் 332 பவுண்டு எடையுடன் 40 யார்டை 4.92 விநாடியில் ஓடினார். ரேம்ஸ் அவரை இரண்டாவதாக எடுத்தது. ஆபர்ன் அந்தப் பருவத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியே எதிரிகளை நொறுக்கிய அணி. பின்னோக்கி நகர்ந்து குவாட்டர்பேக்கைக் காக்கும் வேலையை ராபின்சன் செய்து காட்டிய தருணங்கள் குறைவு. தொழில்முறை ஆட்டத்தில் அந்த வேலைதான் அவரைச் சோதித்தது, மூன்று பருவங்களில் ரேம்ஸ் அவரை விட்டுக்கொடுத்தது. அதே டிராஃப்டில் ஆறாவதாகப் போன டெக்சாஸ் ஏ அண்டு எம் வீரர் ஜேக் மேத்யூஸ், வலதும் இடதும் ஆடி, எறிதல் ஆட்டத்தில் ஊறி வந்தவர். அட்லாண்டாவின் இடது ஓரத்தை அவர் பத்தாண்டுக்கு மேல் விட்டுக்கொடுக்கவில்லை.

காலைப் பாருங்கள்

ஒவ்வொரு காட்சியையும் மூன்று முறை ஓட்டுங்கள். முதல் முறை கால், இரண்டாம் முறை கை, மூன்றாம் முறை என்ன ஆயிற்று என்பது. தொலைக்காட்சி கேமரா பந்தைத்தான் துரத்தும். ஆனாலும் பந்து கையைவிட்டுப் போகும்வரை டேக்கிள் பெரும்பாலும் சட்டத்துக்குள்ளேயே இருப்பார். அதுவே நமக்குப் போதும். முதல் சில நாள்களுக்குக் கண் தானாகப் பந்தின் பின்னால் போகும். பந்து இருக்கும் பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தால் பழகிவிடும்.

ஒரு காட்சியை நெருங்கிப் பார்ப்போம். மூன்றாவது முயற்சி, எட்டு யார்டு தேவை. இடது டேக்கிள் கையைத் தரையில் ஊன்றாமல், முழங்காலை மடித்து, அரை நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் நிற்கிறார். சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கிறார். காட்சியை நிறுத்துங்கள். பந்து நகர்ந்த அதே கணத்தில் டேக்கிளும் நகர்ந்தாரா? பக்கத்திலுள்ள கார்டைவிடத் தாமதமாக எழுந்தால் அந்த அரை அடியை அவரால் மீட்கவே முடியாது.

மெதுவாக ஓட்டுங்கள். இடது கால் பின்னோக்கிச் சாய்வாகத் தரையை உரசியபடி நீள்கிறது. வலது கால் அதே அளவு பின்தொடர்கிறது. இதற்குக் கிக் ஸ்லைடு என்று பெயர். இரண்டு பாதங்களுக்கும் நடுவே தோள் அகல இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும். குதிகால்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் அந்தக் கணத்தில் ஒரு சின்னத் தள்ளலே அவரைச் சாய்த்துவிடும். கால் ஒன்றையொன்று குறுக்கே தாண்டினால் இன்னும் மோசம். நல்ல டேக்கிள் அவசரப்படுவதாகவே தெரியாது. ரஷர்தான் அலைபாய்வார்.

இப்போது தோளைப் பாருங்கள். ரஷர் வெளியே சுற்றி ஓடும்போது பயந்துபோன டேக்கிள் தோளை வெளிப்பக்கம் முழுக்கத் திருப்பிவிடுவார். கதவைத் திறந்து வழிவிட்டது மாதிரி. ரஷர் சட்டென்று உள்பக்கம் வெட்டினால் குவாட்டர்பேக்குக்கு நேர்வழி. உள்வழிதான் குறுக்குவழி என்பதால் தேர்ந்த டேக்கிள் அதை முதலில் அடைப்பார். வெளியே சுற்றுபவரை, குவாட்டர்பேக் நிற்கும் ஆழத்தையும் தாண்டிப் பின்னால் தள்ளிக்கொண்டே போனால் போதும். அவர் சுற்றிய சுற்று வீணாகும்.

எடை எங்கே இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இடுப்பை வளைத்து முன்னால் குனிபவரின் எடை விரல்நுனிக்குப் போய்விடும். ரஷர் கையைப் பிடித்து ஓர் இழு இழுத்தால் முகங்குப்புற விழுவார். முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, எடையைப் பாதத்தின் உள்பக்கத்தில் வைப்பவரை அப்படி ஏமாற்ற முடியாது. இடுப்பு வளைவது பழக்கத்தால் என்றால் திருத்தலாம். கணுக்காலும் இடுப்புமூட்டும் மடிய மறுப்பதால் என்றால் கடினம். களைத்துப்போன நான்காவது கால்பகுதியில் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

கையும் நங்கூரமும்

கை எப்போது நீள்கிறது என்பதுதான் முதல் கேள்வி. சீக்கிரம் நீட்டினால் ரஷர் அதைத் தட்டிவிட்டு ஓடுவார். தாமதித்தால் ரஷரின் கை முதலில் மார்பில் பதியும். நல்லவர்கள் இரண்டு கையையும் சேர்த்து வீசுவதில்லை. ஒன்றால் தொட்டுப் பார்த்து, மற்றொன்றால் பிடிப்பார்கள். ஒருமுறை தவறினால் மறுபடி கையை உள்ளே கொண்டுவருகிறார்களா என்று பாருங்கள். எதிராளியின் தோளுக்கு வெளியே சட்டையைப் பிடிப்பவருக்கு ஹோல்டிங் அபராதம் காத்திருக்கிறது.

நங்கூரம் என்பது நேருக்குநேர் முட்டித் தள்ளும் ரஷரை நிறுத்தும் திறன். இங்கே எடை மட்டும் கைகொடுக்காது. தள்ளப்படும்போது இரண்டு அடி பின்வாங்கி, சிறிதாக ஒரு துள்ளல் துள்ளி, இடுப்பைத் தாழ்த்தி, கால்களை மறுபடி ஊன்றி நிற்பவரை நம்பலாம். நிற்காமல் குவாட்டர்பேக்கின் மடியில் போய் விழுபவருக்கு ஓராண்டு உடற்பயிற்சி தேவைப்படலாம். இருபது, இருபத்தோரு வயதில் இந்த வலு இன்னும் வரும். இந்தக் குறையால் ஒருவரை நான் பெரிதாக இறக்குவதில்லை.

தோல்விகளுக்கு ஒரு நோட்டு

டேக்கிள் வென்ற மோதல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். தோற்றவைதான் பேசும். நோட்டில் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு வரி எழுதுங்கள்: வெளியே வேகத்தால் தோற்றாரா, உள்ளே வெட்டியதால் தோற்றாரா, வலுவால் தள்ளப்பட்டாரா, கை தவறியதா, யாரைத் தடுப்பது என்றே குழம்பினாரா. நான்கு ஆட்டம் முடிந்ததும் எந்த வகைத் தோல்வி அதிகம் என்று பாருங்கள்.

கை தவறுவது பயிற்சியாளரிடம் சரியாகும். குழப்பம் பெரும்பாலும் அனுபவத்தால் தீரும். எதிரணியின் இரண்டு பேர் குறுக்கே மாறிப் பாயும்போது, தன் ஆளைக் கார்டிடம் ஒப்படைத்துவிட்டு வரும் ஆளை வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்குக் கண்ணும் பேச்சும் வேண்டும். பழகப் பழக வரும். வெளியே வேகத்தால் தோற்பதுதான் உண்மையான அபாயம். இதில் ஒரு மறைவான கண்ணி உண்டு. ஒருவர் உள்பக்க வெட்டுக்கே திரும்பத் திரும்பத் தோற்கிறார் என்றால், வெளிவேகத்துக்குப் பயந்து முன்கூட்டியே அளவுக்கு மீறி வெளியே போய் நிற்கிறாரா என்று பாருங்கள். அப்படியென்றால் உள்ளே தெரிவது அறிகுறி, நோய் காலில் இருக்கிறது.

சாக் எண்ணிக்கையை அப்படியே டேக்கிளின் கணக்கில் எழுதாதீர்கள். குவாட்டர்பேக் நான்கு விநாடிக்கு மேல் பந்தை வைத்துக்கொண்டு நின்றால் எந்த டேக்கிளும் காக்க முடியாது. கையில் நிறுத்தக் கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை விநாடிக்குள் தோற்றால் குற்றம் டேக்கிளுடையது.

ஓட்ட ஆட்டத்தில் பார்க்க வேண்டியது குறைவு. முதல் அடி சரியான திசையில் விழுகிறதா, முதல் தடுப்பை முடித்துவிட்டு இரண்டாம் வரிசையில் ஓடிக்கொண்டிருக்கும் லைன்பேக்கரைப் போய்ச் சேர முடிகிறதா, விசில் ஊதும்வரை காலை நிறுத்தாமல் ஓட்டுகிறாரா. அவ்வளவு போதும்.

இதன் பிறகே அளவுகள்

அலபாமாவின் மொபைல் நகரில், டிராஃப்டுக்கு வரும் கல்லூரி வீரர்களுக்காக நடக்கும் சீனியர் போல் பயிற்சி வாரமும் அதன்பின் வரும் கம்பைனும் இந்தக் கட்டத்தில்தான் உங்கள் கணக்கில் சேர வேண்டும். மொபைலில் ஒருவருக்கொருவர் மோதும் பயிற்சி பார்க்கச் சுவையானது. ஆனால் அது ரஷருக்குச் சாதகம்: பக்கத்தில் கார்டு இல்லை, பந்து எப்போது போகும் என்ற கெடு இல்லை. அங்கே ஒரு டேக்கிள் தோற்பதைவிட, முதல் நாள் ஒரு வகையில் தோற்றவர் மூன்றாம் நாள் அதே வகையில் தோற்கிறாரா என்பதைக் கவனியுங்கள்.

கம்பைனில் எல்லோரும் பேசுவது கை நீளத்தைப் பற்றி. டேக்கிளுக்கு 34 அங்குலம் வேண்டும் என்பது நெடுநாள் வழக்கு. நீண்ட கை ரஷரை முதலில் தொடும், அதில் ஐயமில்லை. டாலஸில் ஆடிய டைரன் ஸ்மித்துக்கு 36 அங்குலத்துக்கும் மேல். ஆனால் 2007-இல் கிளீவ்லாந்து மூன்றாவதாக எடுத்த ஜோ தாமஸின் கை 32 1/2 அங்குலம்தான். தொடர்ச்சியாக 10,363 ஸ்னாப் (சென்டர் பந்தைக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) ஆடி, 2023-இல் மிகச் சிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். ஸ்லேட்டருக்கு 33. லூசியானா ஸ்டேட்டின் வில் கேம்ப்பெல்லுக்கு 2025 கம்பைனில் 32 5/8 என்று அளந்தார்கள். சில வாரங்களில் கல்லூரியில் நடந்த சோதனையில் அதே கை 33 ஆனது. நியூ இங்கிலாந்து அவரை நான்காவதாக எடுத்தது.

அப்படியென்றால் அளவைத் தூக்கி எறியலாமா? வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு மறுபடி வீடியோவுக்குப் போங்கள். கை குட்டை என்று அளவு சொன்னால், நீண்ட கை ரஷர்கள் இவரை மார்பில் பிடித்துத் தள்ளிய காட்சிகள் உண்டா என்று தேடுங்கள். இல்லையென்றால் காலால் ஈடுகட்டுகிறார் என்று பொருள். ஓட்டம் மெதுவு என்றால் முதல் பத்து யார்டு நேரத்தை மட்டும் எடுங்கள், டேக்கிள் 40 யார்டு ஓடுவது அரிது. பிரௌன் விஷயத்தில் இதைத்தான் செய்திருக்க வேண்டும். அந்த 5.85 விநாடி, வெளிவேகத்துக்கு அவர் தோற்றாரா என்ற கேள்வியை எழுப்பியது. அவருடைய ஓக்லஹோமா ஆட்டங்களில் அதற்கு விடை இருந்தது: 6 அடி 8 அங்குல உயரமும் நீண்ட கைகளும் கொண்ட அவரைச் சுற்றி ஓடவே ரஷர்களுக்கு வெகுதூரம் ஆயிற்று.

எதிர்ப்புறமும் உண்டு. அயோவாவின் டிரிஸ்டன் வர்ஃப்ஸ் 2020 கம்பைனில் 4.85 விநாடியில் ஓடினார், நின்ற இடத்திலிருந்து 36 1/2 அங்குலம் எம்பினார். வீடியோவில் தெரிந்த காலை எண்கள் உறுதிசெய்தன. டாம்பா அவரை 13-ஆவதாக எடுத்தது. நான் மேலே சொன்ன 2021 சூப்பர் போலில் வென்ற அணியின் வலது டேக்கிள், அப்போது முதல் ஆண்டு வீரர், அவர்தான்.

எங்கே ஆடுவார் என்ற கேள்வி

பக்கம் மாறுவது எளிதல்ல. ஒவ்வோர் அசைவும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாகும். ஆனால் நல்ல கால் இருந்தால் முடியும். ஒரிகனில் இடது ஆடிய பெனாய் சூவல், 2021-இல் டெட்ராய்ட்டுக்கு வந்து வலது டேக்கிளாக ஆல்-புரோ ஆனார். வர்ஃப்ஸ் 2023-இல் வலதிலிருந்து இடதுக்கு மாறினார்.

சிலருக்கு உள்ளே போவதுதான் நல்லது. வலு இருக்கிறது, கை நுட்பம் இருக்கிறது, வெட்டவெளியில் மட்டும் கால் ஓர் அடி குறைகிறது என்றால் “கார்டு” என்று எழுதுங்கள். அதைத் தண்டனையாக நினைக்காதீர்கள். நோட்டர் டேமில் இடது டேக்கிளாக இருந்த ஜாக் மார்ட்டினை 2014-இல் டாலஸ் 16-ஆவதாக எடுத்து வலது கார்டாக்கியது. அந்த இடத்தில் அவர் காலத்தின் மிகச் சிறந்தவர்களில் ஒருவரானார்.

சில விஷயங்கள் வெளியிலிருந்து பார்க்கும் நமக்குக் கிட்டாது. முழங்காலின் உள்ளே என்ன இருக்கிறது என்பது மருத்துவர்களுக்கே தெரியும். கம்பைன் தொடங்கியதே மருத்துவப் பரிசோதனையை ஓரிடத்தில் முடிக்கத்தான். டிராஃப்ட் இரவில் நீங்கள் உயர்த்திப் பிடித்த வீரர் காரணமே தெரியாமல் சரிந்தால், உங்கள் கண் பிசகிவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

வயதும் பின்புலமும் நமக்கு எட்டும். ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிய ஜோர்டன் மைலாட்டாவை 2018-இல் பிலடெல்பியா ஏழாவது சுற்றில், 233-ஆவதாக எடுத்தது. அதுவரை அவர் ஓர் அமெரிக்கக் கால்பந்தாட்டம்கூட ஆடியதில்லை. 6 அடி 8 அங்குலம், 346 பவுண்டு, ஆனால் ரக்பியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அந்தக் கால்கள் எப்படி நகர்ந்தன என்பதை யாரோ பார்த்திருந்தார்கள். மூன்றாவது பருவத்தில்தான் களமிறங்கினார். 2025 பிப்ரவரியில் சூப்பர் போல் வென்ற அணியின் இடது டேக்கிள் அவர். காத்திருக்கத் தயாரான அணிக்கு இவர் ஏற்றவர், உடனே ஆள் தேவைப்படும் அணிக்கு அல்ல என்று பிரித்து எழுதப் பழகுங்கள்.

கடைசியில் அறிக்கை. அரைப் பக்கம் போதும். முதல் வரியில் கால். அடுத்து, அவர் எப்படித் தோற்கிறார், அது திருந்துமா. பிறகு எந்த இடத்தில், எந்தப் பக்கம், முதல் நாளே ஆடுவாரா, எத்தனையாவது சுற்று. அளவுகளைக் கடைசி வரியில் எழுதுங்கள். தேதி போட்டு, ஏப்ரலில் டிராஃப்ட் தொடங்கும் முன் நோட்டை மூடிவிடுங்கள். மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்தாதீர்கள். செப்டம்பரில் அவர் முதல் ஆட்டம் ஆடும்போது, மூன்றாவது முயற்சியில் எட்டு யார்டு தேவைப்படும் அந்த நிமிடத்துக்காகக் காத்திருந்து, நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.